குழந்தை தாமதமானால் ஆணுக்கு என்ன பரிசோதனை? மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரகவியல் துறையில் ஆண்களின் குழந்தைப்பேற்றுத் திறன் பற்றி ஆராய்வது என் வேலை. விந்தணுவை எண்ணுவது, எண்ணிக்கை குறைந்தால் ஏன் குறைகிறது என்று தேடுவது, எந்தச் சிகிச்சை நிஜமாகவே பலன் தருகிறது என்று பார்ப்பது, இப்படித்தான் நாட்கள் போகின்றன. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்கத் தயங்கி வாசலோடு திரும்பிப் போகிறவர்களும் நிறைய. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு. மனைவிக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, நார்மல்னு சொல்லிட்டாங்க. நானும் எடுக்கணுமா சார்?

கட்டாயம் எடுக்க வேண்டும். சொல்லப்போனால் முதலில் எடுத்திருக்க வேண்டியதே உங்களுடையதுதான். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. சிலருக்கு ஆண் பக்கம் மட்டுமே.

உங்கள் மனைவி இதுவரை என்னென்ன பார்த்திருப்பார் என்று யோசியுங்கள். மாதாமாதம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே, சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோப்பி. அத்தனையும் முடிந்த பிறகு கணவரின் ரிப்போர்ட்டில் ஒரு விந்தணுகூட இல்லை என்று வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் பட்ட வலியை யார் திருப்பி எடுக்க முடியும்? கல்யாண வீடு, வளைகாப்பு வீடு என்று எங்கே போனாலும் 'விசேஷம் ஏதும் உண்டா?' என்ற கேள்வியும் அவரிடம்தான் வருகிறது. உங்களுடையது ஊசிகூடப் போடாமல், சில நூறு ரூபாயில் முடிகிற பரிசோதனை. அதைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

எவ்வளவு நாள் பார்த்துவிட்டு வரலாம்?

கருத்தடை எதுவும் இல்லாமல் ஒரு வருடம். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதம். சிறு வயதில் விரை இறங்காமல் ஆபரேஷன் செய்தவர்கள், வயசுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரையும் வீங்கியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர்கள் காத்திருக்கவே வேண்டாம். கீமோதெரபி ஆரம்பிக்கப் போகிறவர் கல்யாணமாகாத பையனாக இருந்தாலும், முதல் ஊசிக்கு முன்பே விந்துவைச் சேமித்து வைப்பது பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம் கேட்டால் பல சமயம் நேரம் கடந்திருக்கும்.

சாம்பிளை வீட்டிலேயே எடுத்து பஸ்ஸில் கொண்டு வரலாமா?

தூரத்தைப் பொறுத்தது. எடுத்த 1 மணி நேரத்துக்குள் லேபில் பரிசோதனை தொடங்கியாக வேண்டும். அரை மணிக்குள் என்றால் இன்னும் நல்லது. உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் அந்த நேரத்துக்குள் வந்து சேர்வது சிரமம். லேபிலேயே அதற்கென்று தனி அறை இருக்கும், அங்கே கொடுப்பதே சரி. அறையில் பதற்றத்தில் முடியவில்லை என்றால் சங்கடப்படாதீர்கள், அது நிறையப் பேருக்கு நடக்கிறது. சொன்னால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், மனைவியைக் கூட அழைத்து வரவும் அனுமதிப்பார்கள்.

மதுரை டவுனுக்குள்ளேயே வீடு என்றால் வீட்டில் எடுத்து வரலாம். லேப் கொடுத்த டப்பாவில் மட்டும் எடுங்கள். மருந்துக் கடையில் வாங்குகிற சாதாரண ஆணுறை வேண்டாம். அதில் பூசியிருப்பது அணுக்களைக் கொன்றுவிடும். டப்பாவைச் சட்டைக்குள் உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் வண்டி டிக்கியில் வைத்தாலும் கெட்டுப்போகும், ஐஸ் வைத்தாலும் கெட்டுப்போகும். கடைசியாக விந்து வெளியேறி 2 நாளாவது ஆகியிருக்க வேண்டும், 7 நாளைத் தாண்டக் கூடாது. ஒரு துளி சிந்தியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் ரிப்போர்ட்டே மாறிப்போகும்.

லேபில் அதை வைத்து என்ன செய்கிறீர்கள்?

புதிதாக வந்த விந்து கெட்டியாக இருக்கும். 37 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் இளகிவிடும். டப்பாவோடு எடை போட்டு, காலி டப்பாவின் எடையைக் கழித்து அளவைக் கணக்கிடுகிறோம். பிறகு ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு 400 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறோம். நேராக நீந்துபவை எத்தனை, ஒரே இடத்தில் துடிப்பவை எத்தனை, அசையாதவை எத்தனை என்று 200 அணுக்களைப் பார்த்துக் குறிக்க வேண்டும். இன்னொரு துளியிலிருந்து மறுபடியும் 200.

எண்ணிக்கை எடுப்பது தனி வேலை. அசைவை நிறுத்தும் திரவத்தில் அளந்து கலந்து, நியூபாயர் சேம்பர் என்ற கண்ணாடியில் ஏற்றுகிறோம். அதன் அடியில் கணக்கு நோட்டுபோல மெல்லிய கட்டங்கள் செதுக்கியிருக்கும். அணுக்கள் அடியில் படியும்வரை ஈரமான டப்பாவுக்குள் மூடி வைத்துவிட்டு, அப்புறம் கட்டம் கட்டமாக எண்ணுகிறோம். அந்தக் கண்ணாடியின் இரண்டு பக்க எண்ணிக்கைக்கும் அதிக வித்தியாசம் வந்தால் அதை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவசரமாக ஒரு துளியைப் பார்த்து, கண்ணளவில் '20 மில்லியன்' என்று எழுதித் தருகிற இடங்களும் இருக்கின்றன. ஒரே ஆளுக்கு இரண்டு லேபில் இரண்டு விடை வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். அசைவு, எண்ணிக்கை, வடிவம், மொத்த அளவு, எத்தனை நாள் இடைவெளி, எத்தனை மணிக்கு எடுத்தது என்று எல்லாம் எழுதியிருக்கிற ரிப்போர்ட்டை நம்புங்கள்.

15 மில்லியன் இருக்கணுமாம், எனக்கு 12தான். அப்போ எனக்குக் குழந்தையே பிறக்காதா?

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் கவலை போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 1980 முதல் விந்துப் பரிசோதனைக்கு ஒரு கையேடு வெளியிட்டு வருகிறது. 2010இல் வந்த பதிப்பில் கீழ் எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 15 மில்லியன், அதாவது ஒன்றரைக் கோடி. 2021இல் வந்த ஆறாம் பதிப்பில் 16 மில்லியன். மொத்த அசைவு 42 சதவீதம், நேராக நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம்.

இவை எல்லாமே ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிடம் எடுத்த அளவுகள். அவர்களை வரிசையாக நிறுத்தினால், 100 பேரில் கடைசி 5 பேர் எங்கே ஆரம்பிக்கிறார்களோ அந்த இடம்தான் எல்லை. ஆக, அந்த எல்லைக்குக் கீழே இருந்தும் அப்பா ஆனவர்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறார்கள். எல்லைக்கு மேலே இருந்தும் குழந்தை தாமதமாகிறவர்களும் உண்டு. 12 என்றால் வாய்ப்பு குறைவு, காரணம் தேட வேண்டும், அவ்வளவுதான். 'சரியான வடிவம் 4 சதவீதம்தான்' என்று கலங்கி வருகிறவர்களிடமும் இதையே சொல்கிறேன்: 4 இருந்தால் போதும்.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், அது முதிர்ந்து வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். இன்று பார்ப்பது மூன்று மாதத்துக்கு முந்தைய உங்கள் உடம்பின் கதை. தீபாவளி சமயத்தில் கடுமையான காய்ச்சலில் படுத்திருந்தால் பொங்கல் வரைக்கும் கவுண்ட் குறைவாகக் காட்டலாம்.

நான் பரோட்டா மாஸ்டர். நாள் முழுக்க கல்லு முன்னாடி நிக்கிறேன். சூட்டால பிரச்சினை வருமா?

வரலாம். விரைகள் வயிற்றுக்கு வெளியே தொங்குவதே சூட்டுக்காகத்தான். உடம்பு 37 டிகிரி என்றால் அவற்றுக்கு 2 முதல் 4 டிகிரி குறைவாக வேண்டும். உள்ளே போகிற ரத்தத்தைச் சுற்றி சிரைகளின் பின்னல் ஒன்று இருந்து குளிர்விக்கிறது. சூடு அதிகமானால் பை தளர்ந்து கீழே இறங்குகிறது. வெளியேயும் அனல், உட்கார்ந்த உட்காரலும் கூடினால் இந்த ஏற்பாடு திணறுகிறது. பிரான்சில் துலூஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டியதில் விரைப்பையின் வெப்பம் சுமார் 2 டிகிரி ஏறியிருந்தது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிப் போகிற டிரைவர், இன்ஜின் சூட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேலையை விடச் சொல்லவில்லை, விட்டால் அடுப்பு எரியாது என்பது எனக்கும் தெரியும். இறுக்கமான உள்ளாடையும் ஜீன்ஸும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொள்ளுங்கள். பாஸ்டனில் 656 ஆண்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், தளர்ந்த உள்ளாடை அணிந்தவர்களுக்கு விந்தணு அடர்த்தி 25 சதவீதம் அதிகமாக இருந்தது. மணிக்கு ஒருமுறை கல்லை விட்டு நகர்ந்து, கொஞ்சம் காற்றாட நில்லுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்.

மல்லிகைத் தோட்டத்துக்கு மருந்து அடிக்கிறேன். அது இதுக்குக் காரணமாகுமா?

இந்தக் கேள்வியை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். 1977இல் கலிஃபோர்னியாவின் லாத்ரோப் என்ற ஊரில், பூச்சிக்கொல்லி தயாரிக்கும் ஆலையின் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, யாருக்குமே சமீபத்தில் குழந்தை பிறக்கவில்லை என்பதைக் கவனித்தார்கள். பரிசோதித்தால் பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. காரணம் அவர்கள் கையாண்ட டிபிசிபி என்ற நூற்புழுக் கொல்லி. 1979இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்தியது. டாக்டர்களுக்கு முன்பாகத் தொழிலாளர்களே கண்டுபிடித்த உண்மை அது. அதனால்தான் ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்பதை நான் அவர் பெயருக்கு அடுத்த வரியிலேயே எழுதச் சொல்கிறேன்.

எல்லா மருந்தும் டிபிசிபி அல்ல. ஆனாலும் வெறுங்கையால் கலக்காதீர்கள், காற்றுக்கு எதிர்த்திசையில் அடிக்காதீர்கள். நனைந்த சட்டையோடு டீக்கடையில் உட்காராமல் உடனே குளித்து மாற்றுங்கள்.

ஜிம்மில் ஊசி போட்டுக்கிட்டேன். ஆண்மை ஹார்மோன்தானே, நல்லதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியை நிறுத்துகிறது. ரத்தத்தில் வெளியிலிருந்து வந்த ஹார்மோன் நிறைந்திருப்பதைப் பார்த்து, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. விரைக்குள்ளே தானாகச் சுரக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் வற்றுகிறது, அது இல்லாமல் விந்தணு உருவாகாது. தோள் விரிந்து, கை முறுக்கேறி நிற்கிற 27 வயதுப் பையனின் சாம்பிளில் ஒரு அணுகூட இல்லாமல் போவது இப்படித்தான்.

நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வருகிறது. ஆனால் 6 மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. என்ன ஊசி, எத்தனை மாதம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தைக்காகப் போன இடத்தில் 'பலத்துக்கு' என்று யாராவது இதே ஊசியை எழுதிக் கொடுத்தால் போடாதீர்கள், வேறு டாக்டரைப் பாருங்கள்.

வெரிகோசீல் இருக்கிறதாம். ஆபரேஷன் செய்யலாமா?

விரையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் புடைத்துக்கொள்வது வெரிகோசீல். இடது பக்கச் சிரை நீளம், சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. அதனால் பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும். ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு, அவர்களில் பலர் எந்தச் சிக்கலும் இல்லாமல் பிள்ளை பெற்றவர்கள். நிற்க வைத்துப் பார்க்கும்போது கைக்குத் தட்டுப்பட்டு, விந்துப் பரிசோதனையும் குறைவாக இருந்தால் ஆபரேஷன் பலன் தரும். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்ன வெரிகோசீலுக்குக் கத்தி வைக்க வேண்டாம். மனைவியின் வயதையும் சேர்த்து முடிவெடுங்கள், ஏனென்றால் பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும்.

ரிப்போர்ட்டில் 'நில்' (Nil, ஒன்றுமில்லை) என்று வந்திருக்கிறது. அவ்வளவுதானா?

இல்லை. விந்தணுவே இல்லாத நிலையை அசூஸ்பெர்மியா என்கிறோம். 100 ஆண்களில் ஒருவருக்கு இருக்கும். மறுபடி ஒருமுறை பரிசோதித்து உறுதி செய்த பிறகு ஒரே கேள்விதான்: உற்பத்தி இருந்தும் பாதை அடைத்திருக்கிறதா, உற்பத்தியே இல்லையா?

இதற்குப் பாதி விடை டாக்டரின் கையிலேயே இருக்கிறது. பல அளவுகளில் மணிகள் கோத்த ஆர்க்கிடோமீட்டர் என்ற கருவியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் விரையைத் தொட்டு எந்த மணிக்குச் சமம் என்று பார்ப்பார். அளவு சரியாக இருந்து, விந்தணுவை உருவாக்கச் சொல்லி பிட்யூட்டரி அனுப்புகிற எஃப்எஸ்ஹெச் ஹார்மோனும் சரியாக இருந்தால் அடைப்பாக இருக்கலாம். சிலருக்கு விந்துக் குழாயே பிறவியில் உருவாகியிருக்காது. விந்தின் அளவும் மிகக் குறைவாக இருக்கும். அதற்குப் பின்னால் சிஎஃப்டிஆர் என்ற மரபணுவின் கோளாறு இருக்கலாம் என்பதால், சிகிச்சைக்கு முன் மனைவிக்கும் அந்தப் பரிசோதனை வேண்டும்; இருவரிடமும் அது இருந்தால் குழந்தைக்கு நோயாக வரலாம். சொந்தத்தில் பெண் எடுத்தவர்கள் இதைத் தட்டிக்கழிக்கவே கூடாது.

விரை சிறுத்து எஃப்எஸ்ஹெச் ஏறியிருந்தால் உற்பத்தியில் கோளாறு. குரோமோசோம் பரிசோதனையில் சிலருக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும், அது கிளைன்ஃபெல்ட்டர் என்ற நிலை. சிலருக்கு ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும். ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆராய்ச்சி மையத்தில் தங்கராஜ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், விந்தணு இல்லாத இந்திய ஆண்களில் 8.5 சதவீதம் பேரிடம் இந்த இழப்பு இருந்தது. இதைப் பார்ப்பதில் ஒரு பெரிய உபயோகம் உண்டு. ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்குத் தேவையான இடத்தை ஏஇசட்எஃப் என்பார்கள், அதில் ஏ, பி, சி என்று பகுதிகள் உண்டு. சி பகுதி மட்டும் போயிருந்தால் விரைக்குள் தேடிப் பார்க்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது. ஏ அல்லது பி பகுதி முழுதாகப் போயிருந்தால் கிடைக்காது; வீண் ஆபரேஷனையும் கடனையும் தவிர்க்கலாம்.

தேடுவது எப்படி என்றால், நியூயார்க்கின் பீட்டர் ஷ்லெகல் 1999இல் விவரித்த மைக்ரோ டிஸி முறையில். விரையைத் திறந்து ஆபரேஷன் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது, சுருங்கிக் கிடக்கும் நுண்குழல்களுக்கு நடுவே கொஞ்சம் பருத்து வெளுத்த குழல் ஏதாவது தென்படுகிறதா என்று மணிக்கணக்கில் தேடுவார்கள். அதை எடுத்து லேபில் பிரித்துப் பார்க்கிறோம். அனுபவமுள்ள கைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவான பேருக்குக் கிடைக்கிறது. கிடைத்தால் ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும். பிரஸ்ஸல்ஸில் பலெர்மோ குழுவினர் 1992இல் அறிவித்த இக்சி முறையில் அதை நேராக முட்டைக்குள் செலுத்துகிறார்கள்.

கிட்னிக் கல்லுக்கு மாத்திரை சாப்பிட்டதிலிருந்து விந்தே வருவதில்லை. பயமா இருக்கு.

டாம்சுலோசின் என்ற மாத்திரையா என்று அட்டையைப் பாருங்கள். கல் இறங்க எழுதித் தருவார்கள். அது விந்தை மிகவும் குறைத்துவிடும், சிலருக்கு வராமலே போகும். நிறுத்தினால் சரியாகிவிடும். டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு இதே போல நடந்தால் காரணம் வேறு. சிறுநீர்ப்பையின் கழுத்து மூடாமல் விந்து உள்பக்கமாகப் போய்விடும். உச்சத்துக்குப் பிறகு கழிக்கும் சிறுநீரைச் சோதித்தால் அணுக்கள் அதில் இருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்துச் சிகிச்சைக்குப் பயன்படுத்த முடியும்.

சின்ன வயசுப் பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வந்து கவுண்ட் குறையும் என்கிறார்களே?

குறையாது. சுய இன்பத்தாலோ தூக்கத்தில் வெளியேறுவதாலோ விந்தணு தீர்ந்துபோகாது. வளர்ந்த ஆணின் உடம்பு அதை ஓயாமல் உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் 'இன்ன தேதியில் முகாம்' என்று நோட்டீஸ் ஒட்டி, இந்தப் பயத்தை வைத்தே ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். காசு போவதைவிட எனக்கு வேதனை, அங்கே போய்வருகிற வருடங்களில் மனைவியின் வயது ஏறிவிடுகிறது என்பதுதான்.

ஜிங்க் மாத்திரை, முருங்கை, பாதாம், லேகியம்?

முருங்கையும் பாதாமும் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். மாத்திரை விஷயத்தில் நல்ல ஆதாரம் இருக்கிறது: அமெரிக்காவில் 2370 தம்பதிகளிடம், கணவருக்கு ஜிங்க்கும் ஃபோலிக் அமிலமும் 6 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் குழந்தை பிறப்பு கூடவில்லை, விந்தின் தரமும் கூடவில்லை. பீடி, சிகரெட், தண்ணியை விடுவதும் தொப்பையைக் குறைப்பதும் செலவில்லாதவை, அவற்றை முதலில் செய்யுங்கள். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத லேகியம் வேண்டவே வேண்டாம்.

வேறு ஒருவரின் விந்து வைப்பதென்றால் எங்களுக்குத் தெரியாமல் செய்துவிடுவார்களா?

உங்கள் இருவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் செய்வது குற்றம். 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, பதிவு பெற்ற வங்கியிலிருந்துதான் வர வேண்டும். கொடுப்பவர் 21 முதல் 55 வயதுக்குள் இருக்க வேண்டும். ஒருவருடையதை ஒரு தம்பதிக்கு மட்டுமே தரலாம். படிவத்தை வீட்டுக்கு வாங்கிப் போய் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புரியாத வரியை விளக்கச் சொல்வது உங்கள் உரிமை.

ஆராய்ச்சிக்கு சாம்பிள் கொடுக்கச் சொல்கிறீர்கள். ஊரில் யாருக்காவது தெரிந்துவிடுமா?

தெரியாது. டப்பாவில் பெயர் இருக்காது, ஒரு எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பூட்டிய இடத்தில் தனியாக இருக்கும். ஒவ்வொரு ஆய்வும் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற பிறகே தொடங்குகிறது. சம்மதப் படிவம் தமிழில் இருக்கும்; படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி முன்னால் வாசித்துக் காட்டுவோம். சிகிச்சைக்காகக் கொடுத்த சாம்பிளில் மிஞ்சியதைத்தான் பெரும்பாலும் கேட்கிறோம். மறுத்தாலும், பாதியில் விலகினாலும் உங்கள் சிகிச்சையில் ஒரு மாற்றமும் இருக்காது. ஏற்கெனவே பிள்ளை பெற்ற ஆண்களின் சாம்பிளும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படுகிறது, அதுதான் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. உங்கள் அண்ணனோ மச்சானோ மனது வைத்தால் அழைத்து வாருங்கள்.